துணி போர்த்தி வைக்கவா வண்டி வாங்கினோம்?

"தம்பி, செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க."

இதை என்கிட்ட சொன்னது கோயில் வாசல்ல இல்லைங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில, கோவளத்துக்குக் கொஞ்சம் தெற்கே, ஒரு பெரிய வீட்டு ஷெட்டுக்குள்ள நிக்குற ஒரு பழைய வேன் முன்னாடி. ஸ்டாண்டர்ட் 20. நம்ம வண்டலூர் பக்கத்துல இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஃபேக்டரியில பிறந்த வண்டி. பிரிட்டன்ல 1968-ல் உற்பத்தியை நிறுத்தின வேனோட அச்சுகளை இங்கே கொண்டு வந்து, அதே வேனை நம்ம ஊர்ல செஞ்சு வித்தாங்க. எங்க தாத்தா காலத்து ஆளுங்களைக் கேட்டா ஆம்புலன்ஸ், பால் வண்டி, ஸ்கூல் வேன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க.

கழட்டிட்டு ஏறினேன். ஒத்துக்கறேன், உள்ளே பார்த்தா கண்ணு கூசுது. கிரீம் கலர் பெயின்ட்ல முகம் பார்த்து ஷேவ் பண்ணிக்கலாம். உள்ளே படுக்கை, மடக்கு மேசை, சின்ன அடுப்பு, தண்ணி டாங்க், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைன்னு முழு கேம்பர் வேன் செட்டப்.

"சார், கடைசியா எங்கே போனீங்க இதுல?"

"போறதா? கண்காட்சிக்குத்தான் தம்பி. அதுவும் லாரியில ஏத்தித்தான் அனுப்புவேன்."

"அடுப்பு?"

"பத்த வச்சதே இல்லை. கரி பிடிச்சுடும்ல?"

அவர் நல்ல மனுஷர். காபி கொடுத்தார், ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எங்கே தேடிப் பிடிச்சார்னு ஒன்றரை மணி நேரம் சொன்னார். அதனால அவரைத் தனிப்பட்ட முறையில திட்ட இந்தப் பதிவு இல்லை. ஆனா அவர் வச்சிருக்கறது வேன் இல்லை, வேனோட உடம்பு. உயிர் போய் ரொம்ப நாளாச்சு. இதைத்தான் சொல்லப் போறேன். அடிக்க வர்றவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டு அடிங்க மக்கா.

எங்க வீட்டு மேட்டர்

ஏன் இவ்வளவு சூடாகறேன்னு கேப்பீங்க. எங்க வீட்லயும் ஒரு வேன் இருக்கு, அதுக்கும் இதே கதி வரப் போகுது. அதான்.

எங்களது டெம்போ மெட்டடார். 1991 மாடல், டீசல். பஜாஜ் டெம்போ கம்பெனிக்காரங்க ஜெர்மன் டிசைனை வாங்கி 1969-ல் இறக்கின வண்டி வரிசை. கம்பெனி பேரே 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு மாறிடுச்சு, ஆனா எங்க ஊர்ல இன்னமும் எந்த வேனைப் பார்த்தாலும் "மெட்டடார்"னு சொல்ற பெருசுங்க உண்டு. எங்க பெரியப்பா 1996-ல் ஒரு பள்ளிக்கூடத்துக்கிட்ட இருந்து இதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். செங்கல்பட்டுல ஜவுளி வியாபாரம். வாரம் முழுக்கத் துணி மூட்டை ஏத்துவார். ஞாயித்துக்கிழமை ஆனா மூட்டையை இறக்கிட்டு எங்களை ஏத்துவார்.

பள்ளிக்கூட வேன்ங்கறதால எதிரெதிரே நீள சீட்டு. நடுவுல போட ஆசாரிக்கிட்ட சொல்லி ரெண்டு வேப்பம்பலகை செஞ்சு வச்சார். பலகையை வச்சா மேசை, அதுமேல மெத்தையை விரிச்சா படுக்கை. கம்பி கட்டி ஒரு பழைய வேட்டியைத் தொங்க விட்டா திரை. பின்னாடி ஒரு பம்ப் ஸ்டவ், ரெண்டு குடம், ஒரு மரப்பெட்டி. "கேம்பர் வேன்"ங்கற வார்த்தையே பெரியப்பாவுக்குத் தெரியாது. அவர் வச்ச பேரு "வீடு". "வீட்டை எடுடா, கடலுக்குப் போலாம்"பார்.

கொளவாய் ஏரிக்கரை, திருக்கழுக்குன்றம் மலையடிவாரம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் பின்னாடி மணல். செங்கல்பட்டுல இருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்தான். ஆனா எங்களுக்கு அது உலகச் சுற்றுலா. பெரியம்மா வண்டிக்குப் பின்னாடி மணல்ல ஸ்டவ்வை வச்சு, குப்பத்துல வாங்கின சங்கரா மீனைக் குழம்பு வைப்பாங்க. நாங்க ஏழு பசங்க வண்டிக்குள்ள படுத்துக்கிட்டு யாரு ஜன்னலோரம்னு சண்டை போடுவோம். அந்தப் பலகையில மஞ்சளா ஒரு வட்டக் கறை இன்னிக்கும் இருக்கு. சூடான குழம்புச் சட்டியை நான் வச்சது. எனக்கு அப்போ எட்டு வயசு. வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு :-)

இடது பக்கக் கதவுல ஒரு பெரிய சொட்டை இருக்கு. அது வேற கதை. 2004 டிசம்பர் 26, சுனாமி. மறுநாள் காலையில பெரியப்பா கடையில இருந்த போர்வை, துண்டு, வேட்டி எல்லாத்தையும் வண்டியில போட்டுக்கிட்டு சதுரங்கப்பட்டினம் போயிட்டார். அதுக்கப்புறம் பத்து நாள் வண்டி வீட்டுக்கே வரலை. போறப்போ அரிசியும் தண்ணியும், வர்றப்போ செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆளுங்க. ரோட்டுல படகுங்க குறுக்கும் நெடுக்கும் கிடந்துச்சாம். இருட்டுல ரிவர்ஸ் எடுக்கறப்போ ஒரு படகோட மூக்குல கதவு இடிச்சு உள்ளே போச்சு. அந்தக் கதவை அவர் சரி பண்ணவே இல்லை. காசு இல்லாமல்லாம் இல்லை. கேட்டா, "கதவு மூடுதுல்ல?"ன்னுவார், அவ்ளோதான்.

பெரியப்பா போன வருஷம் காலமானார். வண்டி இப்போ அண்ணன் பேருக்கு மாறணும். ஆர்.சி.யும் 2026-ல் முடியுது. அண்ணன் பெங்களூர்ல நல்ல வேலையில இருக்கார். அவர் ஐடியா என்னன்னா, வண்டியை நல்ல ரெஸ்டோரேஷன் ஆள்கிட்ட கொடுத்து, முழுக்க டிங்கரிங் பண்ணி, பட்டி பாத்து, கம்பெனி கலர் அடிச்சு, ஷெட் போட்டு, கவர் போட்டு, "அப்பா ஞாபகமா" வைக்கணும். மேலே சொன்ன ஷெட் சார்கிட்ட என்னை அனுப்பினதே அவர்தான். "போய்ப் பாரு, எப்படி வச்சிருக்கார்னு கத்துக்கோ"ன்னார்.

பார்த்தேன் அண்ணே. கத்துக்கிட்டேன். எப்படி வைக்கக் கூடாதுன்னு.

நிறுத்தி வச்சா வண்டி நல்லா இருக்கும்னு யாரு சொன்னது?

முதல்ல இன்ஜினியரிங் பேசுவோம் (படிச்சது மெக்கானிக்கல், பொழைப்பு சாஃப்ட்வேர், நம்ம எல்லாரையும் போல). நிறுத்தி வச்ச வண்டி பத்திரமா இருக்குங்கறது பெரிய மாயை.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளேயே அரிக்கும். ஓடாத வண்டியில பிஸ்டன் நகராம அங்கேயே பிடிச்சுக்கும். ஆயில் சீல் எல்லாம் ரப்பர். ஆயில் படாம இருந்தா காய்ஞ்சு வெடிக்கும். பேட்டரி தானா இறங்கிச் செத்துப் போகும். டயர் ஒரே இடத்துல அழுந்தி ஒரு பக்கம் தட்டையாகும். டீசல் டாங்க் அடியில தண்ணி சேர்ந்தா அதுல கிருமி வளர்ந்து கொழகொழன்னு ஃபில்டரை அடைக்கும். எலி பத்திக் கேக்கவே வேண்டாம், ஒயரிங் முழுக்க அதுக்கு விருந்து. கடலோரத்துல காத்துப் போகாத கவரைப் போட்டு மூடினா இன்னும் மோசம். உப்பு ஈரத்தை வெளியே விடாம உள்ளேயே வச்சு அவிக்கறதுக்குப் பேருதான் அந்த கவர்.

ஷெட் சார் வண்டியில பிரேக்கை மிதிச்சுப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு. மேலே பெயின்ட் பளபளன்னு இருந்தா போதுமா?

நம்ம பொட்டி தட்டற ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். நீங்க ஒரு பேக்கப் எடுத்து அஞ்சு வருஷம் பூட்டி வச்சிருக்கீங்க. ஒரு தடவை கூட ரீஸ்டோர் பண்ணிப் பார்த்ததில்லை. அதுக்குப் பேரு பேக்கப்பா? நம்பிக்கை, அவ்ளோதான். யாரும் ஓட்டாத பழைய கோடும் அப்படித்தான். ஒரு எழுத்தைக் கூட யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க. ஆனா அதைச் சுத்தி இருக்கற உலகம் மாறியிருக்கும். என்னிக்காவது ஓட விட்டா அம்பது எர்ரர் வரும். தினமும் ஓடற அழுக்குக் கோடு, ஓடாத அழகுக் கோடை விட ஆரோக்கியமா இருக்கும். வேனும் அப்படித்தான். கிளம்பறதுக்கு முன்னாடி ஹீட்டர் பிளக் போட்டு இருபது எண்ணுறப்போ எதாவது சத்தம் மாறினா எனக்குத் தெரியும். மாசா மாசம் கேக்கற காது அது.

உப்பு பத்திப் பேசாம ஓடாதேன்னு சொல்றவங்களுக்கு

ஓடலைங்க, பேசறேன். எதிர்க்கட்சியோட பலமான வாதமே இதுதான். மாமல்லபுரம் கடற்கரைக்கு 35 வருஷ இரும்பைக் கொண்டு போறது தற்கொலைங்கறாங்க. பாதி உண்மை. அந்தப் பாதிக்கு நானே சாட்சி.

2022 டிசம்பர்ல நண்பர்களோட போனேன். போட்டோ நல்லா வரணும்னு ஈர மணல் வரைக்கும் வண்டியை இறக்கினேன். திரும்பி வந்ததும் அலுப்பு, மறுநாள் ரிலீஸ் வேற. கழுவாம அப்படியே நிறுத்திட்டேன். மூணு வாரம். பெரியப்பா பார்த்துட்டு என்னை ஒண்ணும் சொல்லலை. மேட்டைத் தூக்கி, தரைத்தகட்டுல விரலை வச்சு அழுத்தினார். விரல் அந்தப் பக்கம் போயிடுச்சு. வெல்டிங், தகடு, கூலி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். காசை விட அந்த விரல்தான் எனக்கு வலிச்சது.

ஆனா கவனிங்க. துருப்பிடிச்சது கடலுக்குப் போனதால இல்லை. போயிட்டு வந்து கழுவாம நிறுத்தினதால. பெரியப்பா முப்பது வருஷம் போனார். ஈர மணல்ல இறக்க மாட்டார். வீட்டுக்கு வந்ததும், ராத்திரி பதினோரு மணி ஆனாலும், அடியில நல்ல தண்ணி பீய்ச்சி அடிச்சிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். கதவு அடியில தண்ணி வடியற ஓட்டையைத் தென்னங்குச்சியால குத்தி விடுவார். வருஷம் ஒரு தடவை அடிப்பாகத்துக்குத் துரு தடுக்கற கோட்டிங். அவ்வளவுதான் ரகசியம். பயன்படுத்தறதுன்னா பராமரிக்காம இருக்கறதுன்னு அர்த்தம் இல்லை. ஓட்டறவன்தான் பராமரிப்பான், ஏன்னா அவன் அடுத்த வாரமும் அதுல ஏறணும்.

எந்த வருஷத்துக்கு ரெஸ்டோர் பண்ணப் போறீங்க?

"ஒரிஜினலா வைக்கணும்"னு அண்ணன் அடிக்கடி சொல்றார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கறேன். எது ஒரிஜினல்?

1991-ல் ஃபேக்டரியை விட்டு வந்தப்போ அதுல படுக்கையும் இல்லை, பலகையும் இல்லை, குழம்புக் கறையும் இல்லை. அடுத்த அஞ்சு வருஷம் ஸ்கூல் வேன். அப்புறம் துணி மூட்டை வண்டி. ஞாயித்துக்கிழமை வீடு. 2004-ல் பத்து நாள் ஆம்புலன்ஸ். கம்பெனி கலர் அடிச்சு, கதவுச் சொட்டையை எடுத்து, பலகையைக் கழட்டிட்டா மிச்சம் இருக்கப் போறது யாரோ முன்பின் தெரியாதவங்க வாங்கின ஒரு புது வேன். அது பெரியப்பா வண்டியே இல்லை. அப்பா ஞாபகமா வைக்கறேன்னு சொல்லிட்டு அப்பாவை மட்டும் அதுல இருந்து துடைச்சு எடுக்கறோம். என்ன கொடுமை சார் இது.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்க 1964-ல் வெனிஸ்ல ஒரு சாசனம் எழுதினாங்க. கட்டடத்தை சமூகத்துக்கு உபயோகமா பயன்படுத்தினா பாதுகாக்கறது சுலபமாகும்னும், ஒவ்வொரு காலமும் விட்டுப்போன தடயத்தை மதிக்கணும்னும் அதுல இருக்கு. அதே வழியில 2012-ல் பழைய வண்டிகளுக்கும் டூரின் சாசனம்னு ஒண்ணு, உலகப் பழைய வாகனச் சங்கங்களோட கூட்டமைப்பு கொண்டு வந்தது. அதுவும் ஓட்டறதைக் குத்தமா பார்க்கலை, பாதுகாப்போட ஒரு பகுதியாத்தான் பார்க்குது. ஆக, சொட்டைக்குக் கூட மரியாதை உண்டு அண்ணே, நான் சொல்லலை, இத்தாலியில சொல்லியிருக்காங்க!

கடற்கரைக் கோயிலும் தலசயனப் பெருமாளும்

"அப்போ மாமல்லபுரத்துச் சிற்பத்து மேல ஏறி விளையாடலாமா?"ன்னு ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. ஏற வேண்டாம் சாமி.

கடற்கரைக் கோயில் ராஜசிம்மன் கட்டினது, எட்டாம் நூற்றாண்டு. 1984-ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. தொல்லியல் துறை வேலி போட்டு, கடலைத் தடுக்கக் கல் கொட்டி, சவுக்குத் தோப்பு வச்சுக் காப்பாத்துது. பண்ண வேண்டியதுதான். அது மாதிரி இன்னொண்ணு கிடையாது, தேய்ஞ்ச சிற்பத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ் புதுப்பேட்டையில கிடைக்காது.

ஆனா அதே ஊர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, தலசயனப் பெருமாள் கோயில் இருக்கு. 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. அங்கே விளக்கு எரியுது, எண்ணெய் பிசுக்கு இருக்கு, கல்லுல காலடித் தேய்மானம் இருக்கு. கும்பிடற கூட்டம் இருக்கு. ரெண்டும் வேணும். ஆனா எங்க மெட்டடார் இதுல எந்த வகை? ஊருக்கு ஊர் ஓடின வண்டிங்க அது. அதுக்கு வேலி போடறது, தெருமுனைப் பிள்ளையாருக்கு டிக்கெட் கவுன்ட்டர் வைக்கற மாதிரி.

இன்னும் நல்ல உதாரணம் திருவாரூர் ஆழித்தேர். 1948-க்கு அப்புறம் ஓடாம நின்னு போச்சு. நிறுத்தி வச்சதால அது பத்திரமாவா இருந்துச்சு? இல்லை. 1970-ல் கலைஞர் முதல்வரா இருந்தப்போ சரி பண்ணி மறுபடி ஓட விட்டாங்க. இரும்புச் சக்கரமும் அச்சும், திருச்சி பெல் கம்பெனியோட ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டாங்க. ஆகமத்துல ஹைட்ராலிக் பிரேக் இருக்கான்னு கேட்டு யாராவது தேரை நிறுத்தினாங்களா? தேர்னா ஓடணும். ஓடறதுக்கு எது தேவையோ அதைப் போடு. எங்க வண்டிக்கு நான் புது சீட் பெல்ட் போடணும்னு சொன்னா "ஒரிஜினல் கெட்டுடும்"ங்கறாங்க.

ரயிலையும் பாருங்க. 1855-ல் இங்கிலாந்துல செஞ்ச ஈ.ஐ.ஆர். 21 நீராவி இன்ஜின், 1909-ல் ஓய்வு கொடுத்து நூறு வருஷம் காட்சிப்பொருளா நின்னது. 2010-ல் பெரம்பூர் பணிமனைக்காரங்க அதை மறுபடி உயிர் கொடுத்து ஓட விட்டாங்க. நூறு வருஷம் சும்மா நின்னப்போ அதைப் பார்க்க வந்த கூட்டத்தையும், அது புகை விட்டுக்கிட்டு நகர்ந்தப்போ தண்டவாளத்தோரம் நின்ன குழந்தைங்க முகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அதுக்கு மேல வாதமே வேண்டாம்.

வண்டி நின்னா கூடவே நிக்கறது யாரு?

இதை ஷெட் சார் மாதிரி ஆளுங்க யோசிக்கறதே இல்லை. ஸ்டாண்டர்ட் ஃபேக்டரி 1988-ல் மூடிடுச்சு. வண்டிகளை எத்தனை பேர் பாலிஷ் போட்டு வச்சாலும், அந்த கியர் பாக்ஸைக் கையால தடவியே எந்தப் பல்லு போச்சுன்னு சொல்ற மெக்கானிக் இன்னிக்கு எத்தனை பேர் இருக்காங்க? வண்டி ஓடினாத்தான் அவருக்கு வேலை வரும். வேலை வந்தாத்தான் அவர் பையனுக்குச் சொல்லித் தருவார். ஓடினாத்தான் கிளட்ச் பிளேட்டும் சீலும் கடைக்காரர் வாங்கி வைப்பார்.

மாமல்லபுரத்துல சிற்பக் கல்லூரி 1957-ல் தொடங்கினது. பல்லவர் கலை இன்னிக்கும் உயிரோட இருக்கறதுக்கு அர்ஜுனன் தபசுக்கு வேலி போட்டது மட்டும் காரணம் இல்லை. எதிர்த் தெருவுல இன்னிக்கும் உளிச் சத்தம் கேக்குது பாருங்க, அதுவும் காரணம். எங்க செங்கல்பட்டு மெக்கானிக் அண்ணன் கையில இருக்கற ஸ்பேனரும் என் கணக்குல உளிதான்.

இன்னொரு விஷயம் துட்டு. 2011-ல் அமெரிக்காவுல ஒரு ஏலத்துல 23 ஜன்னல் வச்ச ஃபோக்ஸ்வாகன் வேன் ரெண்டு லட்சம் டாலருக்கு மேல போச்சு. ஒரு காலத்துல ஐரோப்பாவுல இருந்து காபூல் வழியா ஹிப்பிங்க நம்ம ஊர் வரைக்கும் ஓட்டிட்டு வந்தாங்களே, அந்த ஜாதி வண்டிதான். ஏழைப் பசங்க படுத்துத் தூங்கின வேன் இப்போ லாக்கர்ல வைக்கற நகை. விலை ஏற ஏற யாரும் ஓட்டறதில்லை. அண்ணன் ஒரு நாள் வாய் தவறிச் சொன்னார்: "ரெஸ்டோர் பண்ணா நல்ல விலைக்குப் போகும்டா." ஞாபகமா, முதலீடா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க அண்ணே.

சட்டமும் கவரைத்தான் போடச் சொல்லுது

2021 ஜூலையில மத்திய அரசு பழைய வண்டிகளுக்கு விதி கொண்டு வந்தது. 50 வருஷம் தாண்டின, ஒரிஜினலா இருக்கற வண்டிக்கு "வி.ஏ."ன்னு தனி எழுத்துப் போட்ட நம்பர் பிளேட். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும். நல்லதுதான். ஆனா அந்த நம்பர் வாங்கினா கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடறது, ரிப்பேருக்குப் போறது, இதுக்கெல்லாம் மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். சாதாரணமா ஓட்டக் கூடாது. பெரியம்மாவைக் கூட்டிட்டு மீன் வாங்கப் போறது இதுல எதுல வரும்?

எங்களது 50 ஆகலை, அதனால வழக்கமான வழிதான். பதினஞ்சு வருஷம் முடிஞ்சா அஞ்சஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை சோதனை பண்ணிப் புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின கார் வகை வண்டிகளுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாயா ஏத்திட்டாங்க. சோதனை பண்ணுங்க, கடுமையாவே பண்ணுங்க, புகை ஜாஸ்தின்னா திருப்பி அனுப்புங்க. அதுல எனக்குச் சண்டை இல்லை. பழைய டீசல் புகையை நியாயப்படுத்த நான் வரலை. ஆபீசுக்கு நான் ரயில்லதான் போறேன். எங்க வேன் வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினா அதிகம். ஆனா ஓடற தகுதி இருக்கற வண்டியை வயசை மட்டும் பார்த்து ஓரம் கட்டாதீங்க. மனுஷனுக்கும் இதே ரூல் போட்டா நம்ம வீட்ல பாதிப் பேர் ஷெட்லதான் இருக்கணும்.

"எல்லாரும் ஓட்டித் தேய்ச்சுட்டா பேரப்பசங்க எதைப் பார்ப்பாங்க?" நியாயமான கேள்வி. அதுக்குத்தான் மியூசியம். கோயம்புத்தூர்ல ஜிடி கார் மியூசியம் இருக்கு. யார் வேணா போகலாம், பார்க்கலாம், படிக்கலாம். ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கட்டும், நானே கை தட்டறேன். ஆனா வீட்டு ஷெட்ல பூட்டி வச்சா ஊராரும் பார்க்க முடியாது, வீட்டாரும் ஏற முடியாது. அது மியூசியமும் இல்லை, வண்டியும் இல்லை. ரெண்டும் கெட்டான்.

கடைசியா

போன மாசம் பெரியம்மாக்கிட்ட கேட்டேன், "வண்டியை என்ன பண்ணலாம் பெரியம்மா?" அவங்க பெரியப்பா போனதுல இருந்து வீட்டை விட்டு அதிகமா வெளியே வர்றதில்லை. கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "ஸ்டவ்வுக்கு வாஷர் மாத்தணும்டா"ன்னாங்க.

எனக்கு அதுக்கு மேல விளக்கம் தேவைப்படலை. புதுப்பேட்டை போய் வாஷர் வாங்கிட்டேன்.

வர்ற சனிக்கிழமை அண்ணன் செங்கல்பட்டு வர்றார். ரெஸ்டோரேஷன் எஸ்டிமேட்டோட வர்றதா சொன்னார். நான் சண்டை போடப் போறதில்லை. சாவியை அவர் கையில கொடுத்து, "நீங்களே ஓட்டுங்க அண்ணே, திருக்கழுக்குன்றம் வழியா சதுரங்கப்பட்டினம் போயிட்டு வந்து பேசலாம்"னு சொல்லப் போறேன். பெரியம்மா முன் சீட்ல. அந்தச் சொட்டைக் கதவுப் பக்கம். கதவு மூடுது.

திரும்பி வந்ததும் அடியில தண்ணி அடிக்கற வேலை என்னுது.

டிஸ்கி 1: ஷெட் சார் இதைப் படிச்சா கோவிச்சுக்காதீங்க. காபி சூப்பர். அந்த பிரேக்கை மட்டும் உடனே பாருங்க சார், சீரியஸா சொல்றேன்.

டிஸ்கி 2: வீட்ல ஓடாம நிக்குற பழைய வண்டி, ஸ்கூட்டர், தையல் மெஷின் எது இருந்தாலும் பின்னூட்டத்துல சொல்லுங்க. ஏன் நிக்குதுன்னும் சொல்லுங்க. எதிர்வாதம் இருந்தாலும் வாங்க, கும்மலாம். ஆனா "துரு பிடிச்சுடும்"னு மட்டும் சொல்லாதீங்க, மேலே ஒரு தடவை அழுதுட்டேன் :-)